நம் முகவர் நம்மைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால்

வணக்கம் நண்பர்களே, சென்னையிலிருந்து பேசுகிறேன். நமக்காக இணையத்தில் விலை பேசிப் பொருள் வாங்கும் தானியங்கி மென்பொருள் முகவரிடம், அதிகபட்சம் எவ்வளவு வரை போகலாம் என்பதை நாம் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தொகை விற்பவருக்குத் தெரிந்துவிட்டால் பேரம் அத்துடன் முடிந்தது. ரங்கநாதன் தெருவில் யாரும் பர்ஸைத் திறந்து காட்டிவிட்டு விலை கேட்பதில்லை. பின்னாளில் கூகுளின் தலைமைப் பொருளாதார அறிஞரான ஹால் வேரியன், கணினி முகவர்களுக்கான சந்தை விதிகளைப் பற்றி 1995-இலேயே எழுதியபோது கவனப்படுத்திய சிக்கல் இது.

இதற்கு ஒரு வழி உண்டு. பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரே 1961-இல் விளக்கிய மூடிய ஏலத்தில் (ஒருவர் கேட்கும் தொகை மற்றவருக்குத் தெரியாது), அதிகம் கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவதாக வந்தவர் கேட்ட தொகையை மட்டுமே.

திரையில் உள்ள கணக்கைப் பாருங்கள். ஒரு பழைய கேமரா எனக்கு 8,000 ரூபாய் பெறும். எனக்கு அடுத்தவர் 7,200 கேட்கிறார். நான் 8,000 என்று உண்மையைச் சொன்னாலும், 7,500 என்று குறைத்துச் சொன்னாலும் கட்டப்போவது 7,200தான். 7,000 என்று இறங்கினால் கேமராவே கைநழுவும். 9,000 என்று ஏற்றிக் கேட்டு, இன்னொருவர் 8,500 கேட்டிருந்தால், எனக்கு 500 ரூபாய் நஷ்டம். ஆகவே உள்ளதைச் சொல்வதே லாபம். மனிதர்கள் இது தெரிந்தும் வீம்புக்கு ஏற்றிக் கேட்பார்கள். மென்பொருளுக்கு வீம்பு கிடையாது என்பதால், இந்தக் கோட்பாடு நம்மைவிட அதற்கே நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால் ஏலம் நடத்துபவரே என் 8,000-ஐப் பார்த்துவிட்டு, 7,950 என்று ஒரு போலித் தொகையைச் செருகி, என்னை அதையே கட்ட வைத்தால் என்ன செய்வது? முதல் விலை ஏலத்தில் இந்தத் தில்லுமுல்லுக்கு இடமில்லை, கேட்டதையே கட்டுகிறோம். பதிலுக்கு, எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று ஒவ்வொரு முகவரும் மற்றவரை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இணைய விளம்பர இடங்களை ஏலம் விடும் கூகுளின் ஆட் மேனேஜர் 2019-இல் முதல் விலை முறைக்கு மாறியபின், விளம்பரம் வாங்கும் மென்பொருள்களுக்கு இந்த ஊகமே பெரிய வேலையாகிவிட்டது.

எனக்கு விக்ரே முறையே பிடித்திருக்கிறது, ஒரு நிபந்தனையுடன். எல்லோரும் கேட்கும் தொகையோடு ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்து உருவாக்கிய ஹாஷ் முத்திரையை (தொகையைக் காட்டாத, ஆனால் பின்னர் அதை மாற்றவும் விடாத கணினிக் குறியீட்டை) முதலில் வெளியிட்டு, அதன்பிறகே தொகைகளைத் திறக்க வேண்டும். அப்போது போலித் தொகை போட நினைப்பவரும் என் தொகையைப் பார்க்காமலேயே போட வேண்டும். தப்பித் தவறி 8,100 போட்டுவிட்டால், கேமரா அவர் தலையிலேயே விழும்.