பந்திச் சாப்பாடும் ரத்தக் கொழுப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கொழுப்பு டெஸ்டுக்குப் போன எல்லோருக்கும் தெரிந்த வாசகம் ஒன்று உண்டு. "ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுடுங்க, காலையில தண்ணி தவிர ஒண்ணும் குடிக்காம வாங்க." லேபில் உட்கார்ந்து பல வருடம் நானும் இதைச் சொன்னவன்தான். இன்று அந்த வழக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒருநாள் மத்தியானம், கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நேராக வந்த ஒருவரிடம் ரத்தம் எடுத்தோம். ரத்தம் உறைந்த பிறகு குழாயைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக சீரம் நிற்கும். அன்று மேலே நின்றது தண்ணீர் கலந்த பால் மாதிரி இருந்தது. "சாம்பிள் சரியில்லை, நாளைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லுங்கள்" என்றார் உடன் இருந்தவர். அதுதான் வழக்கம். எனக்கு அதைக் கொட்ட மனம் வரவில்லை. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால், காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மேலே வெள்ளையாக ஒரு படலம். முந்தின நாள் பந்தியின் நெய்யும் எண்ணெயும் குடல் வழியாக ரத்தத்தில் ஏறி, ஏடாக நின்றது. அதைப் பார்த்த பிறகு "சாம்பிள் சரியில்லை" என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாம்பிள் சரியாகத்தான் இருந்தது. அந்த மனிதருடைய ரத்தம் அன்று மத்தியானம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். காலை இட்லி, பதினோரு மணிக்கு டீ, மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் வடை, ராத்திரி தோசை. சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறி, மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகிறது. அது இறங்குவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். நம் இதயக் குழாய்கள் நாளில் பெரும்பகுதி பார்ப்பது சாப்பிட்ட ரத்தத்தை. நாம் சோதிப்பதோ விடியற்காலை ரத்தத்தை.

இதை 1979-லேயே சில்வர்ஸ்மிட் என்ற ஆய்வாளர் எழுதினார். உணவுக் கொழுப்பு சின்னச் சின்ன மூட்டையாக ரத்தத்தில் வருகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் தங்கள் பங்கை இறக்கிக்கொள்கின்றன. மிஞ்சும் காலி மூட்டையில் கொலஸ்டிரால் ஒட்டியிருக்கும். அதுதான் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்குகிறது என்றார். 2007-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வந்தன. கோபன்ஹேகனில் 1970-களில் சேர்ந்த சுமார் 14,000 பேரைச் சராசரி 26 ஆண்டு கவனித்தார்கள். வெறும் வயிற்றில் எடுக்காத டிரைகிளிசரைடு ஏற ஏற, மாரடைப்பும் ஏறியது. அமெரிக்காவில் 26,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். சாப்பிட்டு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் எடுத்த அளவுதான் ஆபத்தை நன்றாகக் காட்டியது. டென்மார்க் 2009-லிருந்து வெறும் வயிறு தேவையில்லை என்றே நடத்துகிறது. 2016-ல் ஐரோப்பிய நிபுணர் குழுவும் அதையே பரிந்துரைத்தது.

"சாப்பிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகாதா?" என்று கேட்பீர்கள். வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு நூறு மில்லி ரத்தத்துக்குச் சராசரியாக 26 மில்லிகிராம்தான் கூடுகிறது. கெட்ட கொலஸ்டிரால் என்கிற எல்டிஎல்லும், நல்ல கொலஸ்டிரால் என்கிற எச்டிஎல்லும் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் டிரைகிளிசரைடுக்கு வெறும் வயிற்றில் 150 என்ற எல்லையை, சாப்பிட்ட பிறகு 175 என்று வைத்திருக்கிறார்கள். 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஃபாஸ்டிங் சர்க்கரைக்கு வெறும் வயிறு கட்டாயம். நான் சொல்வது கொழுப்புக்கு.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. சர்க்கரை மாத்திரையைப் பழக்கத்தில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்து வரிசையில் நின்ற ஒரு அம்மா, வியர்த்துக் கைநடுங்கி பெஞ்சில் சாய்ந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபின்தான் கண் திறந்தார். அன்று அவர் வந்தது கொழுப்பு டெஸ்டுக்கு மட்டும்.

அப்புறம், சாப்பாடு, நடை பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். முந்தின நாள் நன்றாக நடந்திருந்தால், மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு அவ்வளவு ஏறுவதில்லை. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, மிஞ்சும் தொகையை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அந்தக் கணக்குக்கும் பட்டினி வேண்டாம். நன்றி, வணக்கம்.