கொள்கை பழையது, இசை புதியது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வாஷிங்டன் நகரத்து ஃபுகாசி என்ற ராக் இசைக்குழுவின் பெருமைக்குக் காரணம் கொள்கையே என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஐந்து டாலர் நுழைவுச்சீட்டு, எல்லா வயதினருக்கும் அனுமதி, பெரிய நிறுவனங்களை நாடாமல் டிஸ்கார்டு என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்திலேயே வெளியீடு என அவர் அடுக்கியவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 1980இல் டிஸ்கார்டைத் தொடங்கியவர்களுள் ஒருவரான இயன் மக்கை, ஃபுகாசிக்கு முன்பு மைனர் திரெட் குழுவில் பாடியபோதும் இதே பிடிவாதக்காரர்தானே? கொள்கை அங்கேயே இருந்தது. அங்கே இல்லாதது எது என்பதே என் கேள்வி.

மைனர் திரெட்டின் பாடல்களில் பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பங்க் ராக்கின் கிளையான ஹார்டுகோர் என்ற அந்த இசையில் வேகமே இலக்கணம். 1987இல் முதன்முதலாக மேடையேறிய ஃபுகாசி அந்தச் சீற்றத்தைக் கைவிடாமல், ஜமைக்காவின் ரெக்கே இசைக்குரிய பேஸ் கிட்டார் நடையையும் இடைவெளியையும் அதற்குள் கொண்டுவந்தது. 'வெயிட்டிங் ரூம்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். ஜோ லாலியின் பேஸ் தனியே நடக்கிறது. பிரெண்டன் கான்டியின் டிரம்ஸும் கிட்டாரும் வந்து சேர்ந்து, தாளம் சூடு பிடிக்கும் நேரத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடுகின்றன. சில நொடிகள் முழு நிசப்தம். முதன்முறை கேட்பவர் கருவி பழுதாகிவிட்டதோ என்று பார்ப்பார், நானும் பார்த்தேன். பிறகு அதே இடத்திலிருந்து எல்லாம் ஒரே அடியாக எழுகின்றன. ஹார்டுகோரிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்டுகோர் என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த நிசப்தத்தைத்தான் நான் காட்டுவேன்.

தொடக்கத்தில் இக்குழுவில் வெறும் பாடகராக இருந்த கை பிச்சியோட்டோ, 1990இல் வந்த 'ரிப்பீட்டர்' தொகுப்பில் கிட்டாரையும் ஏந்தினார். அதன்பின் இரு கிட்டார்கள் ஒன்றையொன்று பின்தொடராமல், கேள்வியும் மறுப்புமாக மோதிக்கொண்டன. பட்டிமன்றக்காரர்களாகிய நமக்கு அது பழகிய ஓசைதான். 2001இல் வெளியான கடைசித் தொகுப்பின் பெயரே 'வாதம்' என்று பொருள்படுவது! கத்தலுக்குப் பெயர்போன அந்தக் குழு அதில் செல்லோ என்ற நரம்புக் கருவியின் இழைவுக்கும் இடம் கொடுத்தது.

கூட்டத்தில் முரட்டுத்தனம் செய்தவரிடம் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார்களே, அது கொள்கையல்லவா என்று நண்பர் கேட்டார். கொள்கைதான். ஆனால் முட்டிமோதும் கூட்டத்தின் நடுவே நான் சொன்ன நிசப்தம் யார் காதில் விழும்?

நடுவர் அவர்களே, 2002ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் வாசித்ததற்குப் பிறகு ஃபுகாசி பொதுமேடை ஏறவில்லை. மலிவாக விற்பதற்கு அவர்களிடம் சீட்டே இல்லாத இக்காலத்தில், அவர்கள் திறந்துவைத்த பழைய நிகழ்ச்சிப் பதிவுகளை, அன்று பிறந்தேயிராத பிள்ளைகளும் தேடிக் கேட்கிறார்களே, அவர்கள் எந்த ஐந்து டாலரை மிச்சம்பிடிக்கிறார்கள்?