மூணு எடிட்டர், ஒரே ஃபுட்டேஜ்: ஆவணப்படத்துக்கு ஷேர்டு ஸ்டோரேஜ்

(திரையில்: டைம்லைன் முழுக்கச் சிவப்பு. "மீடியா ஆஃப்லைன்".)

இந்தச் சிவப்பைப் பாக்காத எடிட்டர் கிடையாது. டிஸ்க் இருக்கு, ஃபைலும் இருக்கு, சாஃப்ட்வேர் மட்டும் காணோம்னு சாதிக்கும்.

ஆவணப்படம் எடுக்கிற சின்ன டீம்கள் ஷேர்டு ஸ்டோரேஜ், அதாவது எல்லா எடிட்டரும் ஃபுட்டேஜை எடுக்கற பொது டிஸ்க் பெட்டி, பத்திப் பேச ஆரம்பிச்சா, முதல் கேள்வி "எந்த பாக்ஸ் வாங்கலாம், எவ்வளவு ஸ்பீடு வேணும்"னுதான் வரும். ஸ்பீடுக்குப் பின்னாடி வர்றேன், அதுல உங்க பர்ஸுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சரியா இருக்கணும்: ஒரு ஷாட்டுக்கு ஒரே பேர்தான் இருக்கணும், அது எல்லா மெஷின்லயும் ஒரே இடத்துல தெரியணும். இது இல்லாம பத்து லட்ச ரூபா பாக்ஸ் வாங்கி வெச்சாலும் இதே சிவப்புதான்.

கதைப்படத்துல சீன் நம்பர், டேக் நம்பர், கிளாப் எல்லாம் இருக்கு. எது எங்க வரும்னு ஸ்கிரிப்ட் சொல்லிடும். ஆவணப்படத்துல ஒரு பேட்டி ரெண்டு மணி நேரம் ஓடும், அதுல படத்துக்குள்ள வரப்போற ரெண்டு நிமிஷம் எதுன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. ஒருத்தர் வெட்டிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் பேட்டியைக் கேட்டு எழுதணும், வேற ஒருத்தர் சப்டைட்டில் போடணும், நடுவுல அடுத்த ஷெட்யூல் ஃபுட்டேஜும் வந்து இறங்கும். டிஸ்க்கை பைக்ல வெச்சு ஆளுக்கு ஆள் மாத்திக்கிட்டா, கொஞ்ச நாள்லயே "யார்கிட்ட இருக்கறது லேட்டஸ்ட்?"னு சண்டை ஆரம்பிச்சிடும்.

(திரையில்: ரெண்டு கேமரா, ரெண்டு கார்டு. ரெண்டுலயும் "சி0001".)

இப்ப பேர் விஷயம். பேட்டியை ரெண்டு சோனி கேமராவுல எடுக்கறீங்கன்னு வைங்க. ஃபேக்டரி செட்டிங்ல விட்டா ரெண்டு கேமராவும் முதல் ஷாட்டுக்கு சி0001-ன்னுதான் பேர் வைக்கும். ஃபைல் நம்பரை "ரீசெட்"ல வெச்சிருந்தா, கார்டை ஃபார்மட் பண்ற ஒவ்வொரு தடவையும் மறுபடி சி0001. ஷூட்டிங் முடியும்போது உங்ககிட்ட நாப்பது சி0001 இருக்கும். ஃபோல்டர் வேற வேறங்கறதால அன்னிக்கு எதுவும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு ஃபுட்டேஜ் வேற டிஸ்க்குக்கு மாறி, ரீலிங்க் பண்ணும்போதுதான், அதாவது டைம்லைனை ஃபைலோட மறுபடி இணைக்கும்போதுதான், வெளிய வரும். சாஃப்ட்வேர் பேரையும் டைம்கோடையும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா போடற மணி-நிமிஷக் குறி) வெச்சுத்தான் தேடும். டைம்கோடும் ரெண்டு கேமராவுல பூஜ்ஜியத்துல இருந்தே ஓடியிருந்தா, எந்த சி0001-ஐ எடுத்து ஒட்டும்னு சொல்ல முடியாது. சிவப்பு வந்தாக்கூட பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். தப்பான ஷாட் சத்தமில்லாம டைம்லைன்ல வந்து உக்காந்தா, பாட்டியோட பேட்டி நடுவுல டீக்கடை ஷாட் ஓடும்.

இதுக்கு மருந்து ஷூட்டிங் ஸ்பாட்லயே இருக்கு, செலவும் இல்லை. ஏ7எஸ் 3, எஃப்எக்ஸ்3 மாதிரி கேமராக்கள்ல ஃபைல் பேருக்கு முன்னாடி டைட்டிலோ தேதியோ சேர்க்கிற செட்டிங் இருக்கு. ஒரு கேமராவுக்கு ஏ, இன்னொண்ணுக்கு பி, கூடவே தேதி. நம்பரை "சீரீஸ்"ல வைங்க, விட்ட இடத்துல இருந்தே தொடரும். டைம்கோடை அன்னிக்கு மணி என்னவோ அதுல ஓட விடுங்க. சவுண்ட் ரெக்கார்டரையும் அதே மணிக்கு வெச்சுட்டா, ஒலியைச் சேர்க்கிற வேலையும் பாதி முடிஞ்சது.

கார்டை டம்ப் பண்ணும்போது உள்ள இருக்கற எம்பி4 ஃபைலை மட்டும் இழுத்துப் போடாதீங்க. கார்டை மொத்தமா, அந்த பிரைவேட், எம்4ரூட் ஃபோல்டரோட அப்படியே எடுங்க. பக்கத்துல இருக்கற சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல்ல அந்த ஷாட்டைப் பத்தின தகவல் இருக்கு. சாதாரண காப்பி-பேஸ்ட் வேணாம். செக்சம் பாக்கற சாஃப்ட்வேர் வேணும்: மூலத்தையும் காப்பியையும் தனித்தனியா படிச்சு, ரெண்டும் ஒண்ணுதானான்னு ஒப்பிட்டுச் சொல்லும். ஆஃப்ஷூட், ஷாட்புட் ப்ரோ ரெண்டும் காசு கொடுத்து வாங்கறது. டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர் உள்ளயே குளோன் டூல்னு ஒண்ணு இருக்கு, நிறைய பேர் கண்டுக்கறதில்லை. ஒப்பிடறதுக்கு நேரம் கூட ஆகும்தான். ரெண்டு டிஸ்க்குல காப்பி, ரெண்டும் சரின்னு ரிப்போர்ட், அதுக்கப்புறம்தான் ஃபார்மட். அந்த ஃபார்மட்டும் ஒரே ஆளோட பொறுப்பு. "நீ பண்ணிட்டன்னு நினைச்சேன்"ங்கற வாக்கியத்துல போன ஃபுட்டேஜ் கொஞ்ச நஞ்சமில்லை.

(திரையில்: காகிதத்துல ஒரு கணக்கு.)

இப்ப ஸ்பீடு. 150 மணி நேர ஃபுட்டேஜ், மூணு பேர். கேமரா நொடிக்கு 100 மெகாபிட்ல (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்) 4கே பதிவு பண்ணுதுன்னா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மொத்தம் ஏழு டிபிக்குள்ள அடங்கும். ஆனா அந்த ஃபைல் அழுத்திச் சுருட்டினது. சின்ன மெஷின்ல ரெண்டு கேமரா ஷாட்டைச் சேர்த்து ஓட்டினா திக்கும். உடனே எல்லாத்தையும் ப்ரோரெஸ் 422 எச்க்யூவுக்கு (சுலபமா ஓடற, ஆனா பெரிய ஃபைல் வகை) மாத்திடலாம்னு ஒருத்தர் சொல்வார். ஆப்பிள் கொடுக்கற கணக்குப்படி 4கே, 25 ஃப்ரேமுக்கு அது நொடிக்கு 737 மெகாபிட், மணிக்கு 332 ஜிபி. உங்க ஏழு டிபி இப்ப ஐம்பது டிபி.

வயர்ல என்ன ஆகுது பாருங்க. எல்லார் ஆஃபீஸ்லயும் இருக்கற ஜிகாபிட் நெட்வொர்க்ல நடைமுறையில நொடிக்கு 110 மெகாபைட் போகும். ஒரு எச்க்யூ ஷாட்டுக்கு மட்டும் 92 மெகாபைட் வேணும். ஒருத்தர் ஒரு ஷாட்டை ஓட்டினாலே வயர் ஃபுல். ரெண்டு கேமரா பேட்டியை ஒருத்தர் ஓட்டக்கூட இடமில்லை, மூணு பேருக்கு எங்க போறது?

அதையே 1080 ப்ரோரெஸ் ப்ராக்ஸியா, அதாவது எடிட்டுக்கு மட்டும் வெச்சுக்கற சின்ன காப்பியா, மாத்துங்க. நொடிக்கு 38 மெகாபிட், அதாவது அஞ்சு மெகாபைட்டுக்கும் கீழ. மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு கேமரா ஷாட்டை ஒரே நேரத்துல ஓட்டினாலும் 30 மெகாபைட் தாண்டாது. 150 மணி நேரமும் சேர்ந்து ரெண்டரை டிபி சொச்சம். இருக்கற ஜிகாபிட் ஸ்விட்ச்சே போதும். நான் சொன்ன நல்ல சேதி இதுதான்: 10 ஜிகாபிட்டுக்கு இப்பவே காசைக் கொட்ட வேணாம். பிற்பாடு டிஐ (கடைசியில கலர் சரி பண்ற வேலை) பண்ற மெஷினுக்கு மட்டும் போட்டுக்கலாம். வைஃபைல எடிட் பண்றேன்னு மட்டும் கிளம்பாதீங்க.

ப்ராக்ஸி போடும்போது ஒரு கண்டிஷன்: பேர், டைம்கோடு, ஃப்ரேம் ரேட், ஆடியோ சேனல் எண்ணிக்கை நாலும் ஒரிஜினல்ல இருக்கற மாதிரியே இருக்கணும். சேனலைத்தான் கோட்டை விடுவாங்க. நாலு சேனலை ரெண்டாக் குறைச்சுட்டா, காலர் மைக் தனியா இருந்ததே எடிட்டருக்குத் தெரியாது. ரிசால்வ் 18-ல இருந்து வர்ற ப்ராக்ஸி ஜெனரேட்டர்கிட்ட ஒரு ஃபோல்டரைக் காட்டிட்டா, புதுசா வந்து விழற ஃபைலுக்கெல்லாம் அதுவே போட்டுக்கிட்டே இருக்கும். ராத்திரி ஓட விட்டுட்டுப் போங்க.

பாக்ஸைப் பத்திச் சுருக்கமா. எட்டு டிஸ்க் போடற நாஸ் (நெட்வொர்க்ல மாட்டற டிஸ்க் பெட்டி), ஒவ்வொண்ணும் 16 டிபி, ரெய்டு 6 (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்துப் பாதுகாக்கற முறை). ரெண்டு டிஸ்க்கோட இடம் பாதுகாப்புக்குப் போயிடும், மிச்சம் 96 டிபி, விண்டோஸ் 87-னு காட்டும். ஏமாத்திட்டாங்கன்னு கடைக்காரர்கிட்ட போயி நிக்க வேணாம், எண்ணற முறை வேற. ரெண்டு டிஸ்க் ஒண்ணா செத்தாலும் டேட்டா நிக்கும். ஆனா யாராவது ஃபோல்டரை அழிச்சா, ரெய்டு அந்த அழிப்பையும் எட்டு டிஸ்க்லயும் சரியா செஞ்சு முடிக்கும். தனியா ஒரு காப்பி, வேற கட்டடத்துல இன்னொண்ணு வேணும், ரெய்டு இது ரெண்டுக்கும் ஈடாகாது. யூபிஎஸ் அவசியம். அதோட யூஎஸ்பி வயரை நாஸ்ல குத்தி வெச்சா, கரண்ட் போனதும் நாஸ் தானா ஒழுங்கா ஆஃப் ஆகும்.

(திரையில்: மேக்ல ஒரே ஷேர், அதாவது நாஸ்ல இருக்கற பொது ஃபோல்டர், ரெண்டு பேர்ல. "படம்", "படம்-1".)

இதைக் கவனமா பாருங்க. நெட்வொர்க் ஒரு நொடி அறுந்து, பழைய பேர் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே மறுபடி கனெக்ட் பண்ணினா, மேக் அந்த ஷேருக்கு "படம்-1"னு பேர் வெச்சிடும். எடிட்டர் கண்ணுக்கு ஃபோல்டர் எல்லாம் இருக்கும். சாஃப்ட்வேருக்குப் பாதை மாறிப்போச்சு, மொத்தமும் சிவப்பு. உடனே ரீலிங்க் பண்ணக் கூடாது. பண்ணினா அடுத்த டேபிள்காரருக்கு உடையும். ப்ராஜெக்ட்டை மூடி, ஷேரைக் கழட்டி, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணி, பழைய பேர்லயே மாட்டுங்க. விண்டோஸ்ல இதே கதை டிரைவ் எழுத்துல நடக்கும், எல்லா மெஷின்லயும் ஒரே எழுத்தைக் கொடுத்துடுங்க. மேக்கும் விண்டோஸும் கலந்து இருந்தா ரிசால்வ்ல பாதையை மேப் பண்ற வசதி இருக்கு.

அடுத்தது ப்ராஜெக்ட்டைப் பகிர்றது. ஃபைனல் கட்ல ஒரு லைப்ரரியை ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறக்க முடியாது. ப்ரீமியர்ல 2020-ல வந்த ப்ரொடக்‌ஷன்ஸ், ஒருத்தர் திறந்து வெச்ச ப்ராஜெக்ட்டை அடுத்தவருக்குப் பூட்டும், பாக்கலாம், தொட முடியாது. அவிட்ல பின்னை (bin, ஷாட்டுகளை அடுக்கி வைக்கற ஃபோல்டர்) பூட்டற வழக்கம் ரொம்பப் பழசு, பெரிய ஸ்டுடியோக்கள் இன்னும் அதை விடாததுக்கு அதுவும் ஒரு காரணம். ரிசால்வ்ல ப்ராஜெக்ட் சர்வர் போட்டா பின், டைம்லைன் தனித்தனியா பூட்டிக்கும். சின்ன டீமுக்கு நான் சொல்றது இதைத்தான். ஒரு ஆபத்து மட்டும் இருக்கு: உங்க எடிட் முழுக்க இருக்கறது போஸ்ட்கிரெஸ்னு ஒரு டேட்டாபேஸ்ல, ஃபுட்டேஜ் ஃபோல்டர்ல இல்லை. நாஸை அழகா பேக்கப் எடுத்துட்டு இதை விட்டீங்கன்னா, 150 மணி நேரம் ஃபுட்டேஜ் இருக்கும், படம் இருக்காது. தினமும் தானா பேக்கப் ஆகற மாதிரி வெச்சு, அந்த ஃபைல் வேற மெஷினுக்கும் போகணும். சாஃப்ட்வேர் தற்காலிகமா உருவாக்கற கேஷ் ஃபைல் அவங்கவங்க எஸ்எஸ்டியிலயே இருக்கட்டும்.

எடிட் முடிஞ்சு லாக் ஆனப்புறம் ப்ராக்ஸியில இருந்து ஒரிஜினலுக்கு மாத்தி டிஐக்குப் போறது, பேர் ஒழுங்கா இருந்தா பெரும்பாலும் ஒரு மதிய வேலை. சவுண்ட் பண்றவங்களுக்கு ஏஏஎஃப் (டைம்லைனை வேற சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோற ஃபைல்) கொடுங்க, ரெண்டு பக்கமும் சில நொடி ஹேண்டில் (வெட்டுக்கு வெளிய விடற கூடுதல் ஒலி), தனி மைக் டிராக் எல்லாம் சேர்த்து.

கடைசியா ஆர்க்கைவ். பீட்டில்ஸ் குழுவை மைக்கேல் லிண்ட்சே-ஹாக் 1969 ஜனவரியில படம் பிடிச்சார். கிட்டத்தட்ட 60 மணி நேரப் படம், 150 மணி நேரத்துக்கு மேல ஒலி. பீட்டர் ஜாக்சன் அதையெல்லாம் மறுபடி எடுத்து வேற படமா கொண்டு வந்தது 2021-ல. வெட்டிப் போட்டது ஐம்பது வருஷம் கழிச்சும் வேணும்னா, அலமாரியில சும்மா கிடக்கற ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியாது. டேட்டா எழுதி வைக்கற காந்த டேப்பான எல்டிஓதான் இன்னிக்கும் வழி. எல்டிஓ-8 டேப் ஒண்ணுல 12 டிபி, 9-ல 18 டிபி. டிரைவ் விலை அதிகம், அதனால வாங்காம, எழுதிக் கொடுக்கற இடத்துல கொடுங்க. எல்டிஎஃப்எஸ் முறையில (டேப்பைச் சாதாரண டிஸ்க் மாதிரி ஃபைல் ஃபைலா காட்டற பொது முறை) எழுதச் சொல்லுங்க, இல்லைன்னா அவங்க சாஃப்ட்வேர் இல்லாம படிக்க முடியாம போகலாம். எல்டிஓ-8 டிரைவ் 7-ஐப் படிக்கும், 6-ஐப் படிக்காது. அதனால டேப் மேல படத்தோட பேர் மட்டும் எழுதாம, எந்தத் தலைமுறை, என்ன முறை, என்னைக்கு எழுதினதுன்னும் எழுதுங்க. டேப்ல என்னென்ன ஃபைல் இருக்குங்கற பட்டியலைத் தனியா மெயில்ல உங்களுக்கே அனுப்பி வைங்க. டேப் கைக்கு வந்த அன்னிக்கே அங்கயே ஒரு ஃபோல்டரைத் திருப்பி எடுத்துக் காட்டச் சொல்லி, ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கோங்க.