எட்டு மணித்தியாலம் ஓட வேண்டிய பழைய கார்

நேயர்களுக்கு வணக்கம்.

புது வாகனம் வாங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? கோயில் வாசலில் நிறுத்திப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு புறப்படுவோம். அமெரிக்காவில் ஒரு கார் ஓட்டப் போட்டி நடக்கிறது. அங்கே காரே தேசிக்காய்தான்.

பிரான்சில் லு மான் என்ற ஊரில் 1923 முதல் 24 மணித்தியாலக் கார் ஓட்டம் நடக்கிறது. பெரிய நிறுவனங்கள் கோடிகோடியாகக் கொட்டும் போட்டி அது. அந்தப் பெயரைக் கேலி செய்து 2006 இல் அமெரிக்காவில் தொடங்கியதுதான் 'லெமன்ஸ்'. வாங்கியவன் தலையில் கட்டப்பட்ட உதவாக்கரைக் காரை ஆங்கிலத்தில் லெமன் என்பார்கள். அடிப்படை விதி ஒன்றுதான்: காரின் விலை 500 டொலருக்குள் இருக்க வேண்டும். கூடிவிட்டது என்று நடுவருக்குப் பட்டால், கூடிய ஒவ்வொரு 10 டொலருக்கும் ஒரு சுற்றைக் கழிப்பார்கள். பரிசுப் பணத்தைச் சில்லறைக் காசாக மூட்டை கட்டிக் கொடுத்த போட்டி அது. ஒரு குழு பழைய ரொயோட்டா வானின் அடிச்சட்டத்தில் சிறிய விமானம் ஒன்றின் உடலை ஏற்றிக்கொண்டு வந்து ஓடியது. சும்மா நிறுத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே ஓடியது.

500 டொலர் என்றால் இன்றைக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இலங்கை ரூபாய். அந்தக் காசுக்கு இங்கே ஒழுங்கான பழைய முச்சக்கரவண்டி கூட வராது என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள், அந்த இடைவெளியில் பழைய மாருதிக்கும் மணமகன் விலை வந்துவிட்டது. நம் நாட்டில் தியத்தலாவையிலும் கட்டுகுருந்தவிலும் கார்கள் ஓடுவது சில சுற்றுகள்தான். நுவரெலியா மகாகஸ்தோட்டையில் ஓடுவது மலையேற்றம். ஆகவே நாளைக்கே ஒரு குழு சேர்த்து இறங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பழைய காரை எட்டு மணித்தியாலம் விடாமல் விரட்டுகிறவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்களோ, அது பழைய காரை ஓட்டும் எல்லாருக்கும் வேண்டியது. இங்கே நம்மில் பெரும்பாலானோர் ஓட்டுவது பழைய கார்தானே.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரித்தானியாவில் சித்ரோயன் சி1 என்ற குட்டிக் காரை மட்டும் வைத்து 24 மணித்தியாலப் போட்டி நடத்துகிறார்கள். அந்தக் காரில் இருப்பது ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர் ரொயோட்டா எஞ்சின். கல்முனை வீதியில் ஒரு நாளைக்கு எத்தனை ரொயோட்டா விட்ஸ் காரைப் பார்க்கிறீர்கள்? 2005 க்குப் பிறகு வந்த ஆயிரம் சிசி விட்ஸில் இருப்பதும் அதே குடும்பத்து எஞ்சின்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தாள் தேவையில்லை, காதால் கேட்டாலே போதும். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். எட்டு மணித்தியாலத்தில் 240 சுற்று. உங்கள் கார் பக்கத்துக் காரைவிட ஒவ்வொரு சுற்றிலும் மூன்று விநாடி வேகம் என்று வையுங்கள். மூன்று விநாடி என்பது பெரிய வித்தியாசம், அதற்காகத்தான் ஆட்கள் காசைக் கொட்டுகிறார்கள். 240 சுற்றிலும் சேர்த்து நீங்கள் மிச்சம் பிடித்தது 720 விநாடி, அதாவது 12 நிமிடம். தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்து, கார் உள்ளே வந்து, சூடு ஆறி, குழாய் மாற்றி, மறுபடி வெளியே போக எவ்வளவு நேரம்? பதினைந்து நிமிடத்துக்குள் முடித்தால் கெட்டிக்காரர். நாள் முழுக்கச் சேர்த்த வேகத்தை ஒரு சின்னக் குழாய் தின்றுவிட்டது.

ஆகவே அனுபவமுள்ள குழு எஞ்சினுக்கு வலு ஏற்றுவதில் நேரம் கழிக்காது. காரைக் கொல்வது சூடு. தண்ணீரின் சூடு, ஒயிலின் சூடு, பிறேக்கின் சூடு. இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நம் கராஜ்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கார் சூடாகிறது என்றால் உடனே தேமோஸ்ற்றாற்றை, அதாவது தண்ணீர் சூடானதும் ரேடியேற்றருக்கு வழி திறந்துவிடும் வால்வை, கழற்றி எறிந்துவிடுவார்கள். தேமோஸ்ற்றாற் திறக்காமல் இறுகியிருந்தால் புதிது போடுங்கள், வெற்றாக விடாதீர்கள். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே இன்னொரு பக்கத்து வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் அந்த வழி திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கடைசியில் ஏற்றத்தில் முன்னையைவிட மோசமாகச் சூடாகும். அதோடு ரேடியேற்றர் மூடியைப் பாருங்கள். அதன் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் நூறு பாகையிலேயே கொதிக்கும். நல்ல மூடி அந்தக் கொதிநிலையை 120 பாகைக்குக் கிட்டக் கொண்டுபோகும். காரில் இதைவிட மலிவான மருந்து இல்லை. போட்டிக்காரருக்கு மட்டும் ஒரு குறிப்பு: பல போட்டிகளில் பச்சைக் கூலன்ற் விடத் தடை, அது ஓடுபாதையில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும். வெறும் தண்ணீரும் துருத் தடுப்பு மருந்தும்தான்.

ஒயிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட வளைவில் கார் வேகமாகத் திரும்பும்போது, வாளித் தண்ணீர் ஒரு பக்கம் ஏறுவதுபோல எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்பில் ஒயில் ஒரு பக்கம் ஏறிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவில் சிவப்பு ஒயில் விளக்கு ஒருமுறை மின்னி மறைந்தால், பேரிங் அரிபடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சம்புக்குள் தடுப்புத் தகடு ஒட்டுவதுதான் சரியான வழி. அது முடியாவிட்டால் அளவுக்கு மேலே அரை லீற்றர் விட்டு ஓடுவார்கள். வீதிக் காரில் அப்படிக் கூட விடாதீர்கள், தேவையே இல்லை.

இனிப் பிறேக். நேரம் பார்க்கிறவர் மன்னிக்க வேண்டும், இதில் கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

பதுளையிலிருந்து செங்கலடிக்கு வருகிறீர்கள். பசறை, லுணுகலை தாண்டிப் பிபிலைக்கு இறங்கும்போது, முன்னால் போகும் லொறியிலிருந்து ஒரு நாற்றம் வரும். எரிந்த ரப்பரும் எரிந்த மீன் செதிளும் கலந்ததுபோல. அது பிறேக் எரிகிற மணம். போட்டிக் கார் ஒன்று அந்த இறக்கத்தை எட்டு மணித்தியாலம் இறங்குகிறது என்று நினையுங்கள், அதுதான் அங்கே பிறேக்குக்கு நடப்பது.

இங்கே இரண்டு விதமான கோளாறு உண்டு. ஆட்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். கால் மிதி கல்லு மாதிரி இறுக்கமாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் பேட், அதாவது சில்லோடு சுற்றும் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை, சூடேறிப் பிடிப்பு இழந்துவிட்டது. கால் மிதி பஞ்சு மாதிரி அமிழ்ந்து அடித்தட்டைத் தொடுகிறது என்றால் பிறேக் ஒயில் கொதித்துவிட்டது. மறுபடி சொல்கிறேன், கல்லு என்றால் பேட், பஞ்சு என்றால் ஒயில். இரண்டாவதுதான் பயங்கரம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஒயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்ததும், நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழைத்தான்.

ஒயில் ஏன் கொதிக்கிறது? அது தண்ணீரைக் குடிக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 என்று போத்தலில் போட்டிருக்குமே, அது புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை தாங்க வேண்டும். நான்கு வீதம் கூட இல்லை, 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடும். டொட் 4 புதிதில் 230, ஈரத்தில் 155. டொட் 5.1 புதிதில் 260, ஈரத்தில் 180. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று வாழ்கிற நமக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உப்பு மூடியைத் திறந்து வைத்தால் காலையில் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் அதே வீட்டுக் கராஜில் பாதி பாவித்த பிறேக் ஒயில் போத்தல் மூடி தளர்ந்தபடி ஒரு வருடமாக ராக்கையில் கிடக்கும். அதை எடுத்து விடுவார்கள். கேட்டால், "மறுகா மாத்துவம்."

மாற்றுவது எப்படி என்று சொல்கிறேன். இரண்டு பேர் வேண்டும். சிறிய காருக்கு ஒரு லீற்றர் டொட் 4, மூடி உடைக்காதது. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற தெளிவான குழாய் அரை மீற்றர். ஒரு வெறும் போத்தல். 8 அல்லது 10 ஆம் நம்பர் வளைய ஸ்பானர். முதலில் மேலே தொட்டியில் இருக்கும் பழைய ஒயிலை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை நிரப்புங்கள். பிறகு, பொதுவாக, தொட்டிக்குத் தூரமான சில்லில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில கார்களுக்கு வரிசை வேறு, கைநூலில் இருக்கும். சில்லுக்குப் பின்னால் பிறேக்கில் ஒயிலை வெளியே விடும் சிறிய திருகு, நிப்பிள், இருக்கும், அதில் குழாயை மாட்டுங்கள், மறுமுனை போத்தலில் ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். உள்ளே இருப்பவர் மெல்ல மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால்வாசிச் சுற்றுத் திறந்து, ஒயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு பிசகினால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குழாயையே பாருங்கள். முதலில் பிளேன்ரீ நிறத்தில் வரும், இடையிடையே கடுகளவு குமிழ் ஓடும். பிறகு நிறம் வெளுத்து, வெளிர்ந்த தேன் மாதிரி ஆகிக் குமிழ் நின்றதும் அடுத்த சில்லுக்குப் போங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மேல் தொட்டியைப் பாருங்கள், அது வற்றினால் எல்லாம் வீண். ஒயில் பெயின்ரில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ரை உரித்துவிடும். போட்டிக்காரர் இதை ஒவ்வொரு போட்டிக்கும் முன் செய்வார்கள். வீதிக் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பிறேக் நன்றாகச் சூடேறிய கையோடு காரை நிறுத்தினால் கைப் பிறேக்கை இழுக்காதீர்கள். கியரில் போட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். லுணுகலை இறக்கத்திலும் இது பொருந்தும். அங்கே இரண்டாம் கியரில் இறங்குகிறவருக்கு இந்தப் பிரச்சினையே வராது.

பிறேக்கிலேயே பாதி நேரம் போய்விட்டது. பாதுகாப்புக்கு வருகிறேன். மலிவுப் போட்டி என்றால் எல்லாமே மலிவு என்று நினைக்க வேண்டாம். லெமன்ஸ் விதியில் 500 டொலர்க் கணக்குக்குள் பாதுகாப்புச் சாமான்களும் பிறேக்கும் ரயரும் சேர்வதில்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், உயிரில் யாரும் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்று. உள்ளே இரும்புக் கூண்டு வேண்டும். சிறிய காருக்குப் பொதுவாக 38 மில்லிமீற்றர் விட்டம், 2.4 மில்லிமீற்றர் தடிப்பு உள்ள குழாய். தண்ணீர்க் குழாய் போட்டு ஒட்டினால் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவார். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றும் செல்லாது, கார்ப் போட்டி ஹெல்மெற்றின் உட்துணி தீப்பிடிக்காத வகை. ஆசனப் பட்டிக்கும் காலாவதித் திகதி உண்டு. இதையெல்லாம் கூட்டினால் காரின் விலையைத் தாண்டிவிடும்.

பார்வையாளர் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் ஓடிய கார் ஒன்று பாதையை விட்டு விலகி, பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். போட்டி பார்க்கப் போனால் வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முக்கியமாக. வழுக்கும் கார் வெளிப்பக்கம்தான் வரும்.

ஓட்டுநரின் உடம்பும் சூடேறும். தீத்தடுப்பு உடை, மூடிய ஹெல்மெற், இரண்டு மணித்தியாலம். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் வைத்து, பன்னிரண்டு வோல்ற் சின்னப் பம்பால் அந்தத் தண்ணீரை உடுப்பில் தைத்த குழாய்களில் சுற்ற விடுகிறார்கள். மீன் சந்தைக்கு ஐஸ் அடிக்கிற நமக்கு இது பெரிய வித்தையா என்ன?

நிலையத்தார் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். எரிபொருள்: நிரப்பும்போது எஞ்சின் நிற்க வேண்டும், ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும், தீயணைப்பான் பிடித்தபடி ஓராள் பக்கத்தில் நிற்க வேண்டும். நாற்பது லீற்றர்த் தாங்கி, மணித்தியாலத்துக்குப் பதினைந்து லீற்றர் போகிறது என்றால் இரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடம் என்று கணக்குப் போடாதீர்கள். கடைசி ஐந்து லீற்றர் வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்புக்கு எட்டாது. இரண்டேகாலில் உள்ளே வாருங்கள்.

இரவு ஓட்டத்துக்கென்று எழுதி வைத்த தாள் அப்படியே கிடக்கிறது. சில்லு நட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். விட்ஸுக்கு 103 நியூட்டன் மீற்றர், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள், ஸ்பானர் மேல் ஏறி நின்று இறுக்காதீர்கள். சில்லுக் கழற்றிப் பூட்டினால் ஐம்பது கிலோமீற்றர் ஓடிவிட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள். ரயர் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நேரம் முடிந்தது, வணக்கம்.