பிடிமண் எந்த ஊர்?

வணக்கம் நேயர்களே. நாற்பது வயது வரைக்கும், பூர்வீகம் எது என்று யார் கேட்டாலும் நாகப்பட்டினம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா அப்படித்தான் சொன்னார். பிற்பாடுதான் புரிந்தது, அது எங்கள் ஊர் இல்லை, தாத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறிய துறைமுகம். தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்பிய முகாம் ஒன்று நாகப்பட்டினத்தில், இன்னொன்று மதராஸ் பக்கம் ஆவடியில். திருச்சிக்காரரும் சேலத்துக்காரரும் அங்கே வந்து காத்துக் கிடந்துதான் கப்பல் ஏறினார்கள். உங்கள் வீட்டிலும் நாகப்பட்டினம் என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நிஜ நாகப்பட்டினத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாத்தாவும் அப்பாயியும் 1937-இல் ரஜூலா கப்பலில் வந்தவர்கள். அப்பாயி என்றால் அப்பாவின் அம்மா. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன். ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். பினாங்கில் இறங்கினாலும் நேரே தோட்டத்துக்குப் போய்விட முடியாது, ஜெரெஜாக் தீவு முகாமில் நோய் ஏதும் உண்டா என்று வைத்துப் பார்ப்பார்கள். அடுத்த வருஷமே, 1938-இல், இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்குக் கூலியாள் அனுப்புவதற்குத் தடை போட்டது. ஆக, கடைசியாக வந்த கூட்டத்தில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

சரி, தேட ஆரம்பித்தேன். தாத்தாவின் அடையாளக் கார்டில் பிறந்த இடம் இந்தியா, அவ்வளவுதான். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தா பெயரைக் கிராணி, அதாவது குமாஸ்தா, தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், வாசித்தால் எந்த மொழிப் பெயர் என்றே தெரியாது. நானும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன்தான். எத்தனை பேர் பெயரை நான் கெடுத்தேனோ! தோட்டத்துப் பதிவேடுகள், தோட்டம் கைமாறியபோதே போய்விட்டன.

பினாங்குத் தைப்பூசத்தில் செட்டியார் வெள்ளி ரதம் வருகிறதே, அது 1894 முதல் ஓடுகிறது என்று நம்மால் சொல்ல முடிகிறது. செட்டியார்கள் கணக்கு எழுதி வைத்தவர்கள். ரப்பர்ப் பால் மரம் வெட்டியவனுக்குக் கணக்கு ஏது? அது கங்காணி கையில் இருந்தது. அதனால்தான் போகும் இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: காகிதம் நம்மைக் கப்பல் வரைக்கும் கொண்டுபோய் விடும். அங்கேயிருந்து ஊருக்குள் கூட்டிப்போவது குலசாமிதான்.

எங்கள் லயத்துக் கடைசியில், தோட்டத்து வீட்டு வரிசை முடியும் இடத்தில், ஒரு புளியமரம், அடியில் மூன்று கல், ஒரு மஞ்சள் துணி. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, அப்பாயி கூப்பிடுவார்: "மூணு ராசா எல்லை காத்தவளே, காவேரிக்கரை செல்லாண்டி!" சின்ன வயதில் எங்களுக்குச் சேவல் மேல்தான் கண். அம்மனைப் புகழ்ந்து என்னவோ பாடுகிறார் என்று விட்டுவிட்டோம்.

செல்லாண்டியம்மன் காவேரிக்கரை நெடுக உண்டு. கரூர், நாமக்கல், திருச்சி பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு செல்லாண்டி. அப்பாயி என்று கூப்பிடுவதும் அந்தக் கரூர், திருச்சிப் பக்கத்துப் பேச்சு. ஆனால் மூன்று ராசா எல்லை? கரூர் மாவட்டத்தில், மாயனூருக்குப் பக்கத்தில், மதுக்கரை. சேர, சோழ, பாண்டிய நாடுகளின் எல்லை கூடிய இடம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அங்கே இருக்கிறாள் செல்லாண்டி. அப்பாயி புகழ்ந்து பாடவில்லை, விலாசம் சொல்லியிருக்கிறார்! நாங்கள்தான் முப்பது வருஷம் காதில் வாங்கவில்லை.

போனேன். பூசாரி முதலில் கேட்டது, "எந்த ஊர்ப் பங்காளி?" எனக்கு முழி பிதுங்கிவிட்டது. தெரிந்ததைச் சொல்லச் சொல்ல, கொஞ்ச தூரத்தில் ஒரு ஊருக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெரியவர் பரணிலிருந்து நீளக் கணக்கு நோட்டு ஒன்றை இறக்கினார். ஓரமெல்லாம் எலி கடித்தது. கோயிலுக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கும் தலைக்கட்டு வரி. விரலை எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். தாத்தா பெயர். பக்கத்தில் பென்சிலில் 'பினாங்கு'. அதற்கு நேரே அரை ரூபாய், அரை ரூபாய், அரை ரூபாய். எண்ணிப் பார்த்தேன், 11 வருஷம். ஊரிலேயே இல்லாதவருக்கு யார் வரி கட்டியது? தாத்தாவின் தம்பி. "அண்ணன் திரும்பி வந்தா கோயில்ல மரியாதை இல்லாமப் போயிடக் கூடாதுல்ல" என்பாராம். அப்புறம் அவரும் காலமாகிவிட்டார். தாத்தாவுக்கு இது எதுவுமே தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லார் வீட்டிலும் கதை இப்படி இருக்காது. கடனுக்குப் பயந்து வந்தவர்கள் உண்டு, சாதிக் கொடுமை தாங்காமல் ஊர்ப் பெயரையே மறைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வேண்டுமென்றே மறந்ததை, பெரியவர்கள் விருப்பம் இல்லாமல் தோண்டாதீர்கள். குலசாமியைத் தேடுகிறேன் என்று சாதிப் பெருமையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஐந்து நிமிடம்கூட இல்லையாம். மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு பற்றியும், பினாங்குச் சூலியா வீதி நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் பற்றியும் பேச நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன்: பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயரை விடாதீர்கள், பெரும்பாலும் சொந்தக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். பாட்டி சாமி கும்பிடும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், படம் மட்டும் போதாது, குரல் வேண்டும்.

அப்புறம் எங்கள் மூன்று கல். தோட்டத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்றதும் நகர்த்த வேண்டி வந்தது. கல்லுக்கு அடியில் அப்பாயி குலசாமி கோயிலில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பிடிமண் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். தோண்டினால் எல்லாம் ஒரே மண். எவ்வளவு அள்ளுவது என்று தெரியாமல் மைலோ டின் நிறைய அள்ளிவிட்டோம். புக்கிட் மெர்தாஜாமில் அண்ணன் வீட்டு வாசலில் புதுப் பீடம் கட்டி அந்த டின்னைக் கவிழ்த்தபோது ஒரு புளியங்கொட்டையும் சேர்ந்து விழுந்தது. அண்ணி அதை எடுத்து வேலியோரம் ஊன்றினார், இப்போது இடுப்பு உயரம். நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.