அம்மா மலைக்குப் போகவில்லை

நடுவர் ஐயாவுக்கும் சேலத்துப் பெருமக்களுக்கும் வணக்கம். பெற்றவரின் கடும் நோயைப் பிஞ்சுகளிடம் சொல்வதா, மறைப்பதா? சொல்ல வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "ஐந்து வயதுப் பிள்ளையிடம் புற்றுநோய் என்று சொல்வது, தட்டுவடை செட்டின் மிளகாய்ச் சட்னியை வழித்து அதன் வாயில் திணிப்பது போல" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். அண்ணே, சேலத்துக்கே வந்து தட்டுவடை செட்டைத் தொட்டுவிட்டீர்கள். அதை நான் விடமாட்டேன்.

நம் ஊர்த் தாய் தள்ளுவண்டிக்காரரிடம் என்ன சொல்கிறாள்? "பிள்ளைக்குக் காரம் வேண்டாம் அண்ணே, பச்சைச் சட்னி ஒரு துளி தடவுங்கள், பீட்ரூட் துருவலைக் கூட வையுங்கள்" என்கிறாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் என்ன வைக்கிறார் என்பதைப் பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் நிற்கிறது. காரத்தைக் குறைத்தாளே தவிர, தாய் எதையும் மறைக்கவில்லை. மிளகாய்ச் சட்னியை மிட்டாய் என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். கடித்த பிள்ளை அழும். மறுநாள் உண்மையான மிட்டாயை நீட்டினாலும் வாயைத் திறக்காது!

மருத்துவ அறிக்கையைப் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்லவில்லை நாங்கள். அம்மாவுக்கு வந்த நோயின் பெயர் இது, நீ செய்த எதனாலும் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, நாளை உன்னை ஆயா பள்ளிக்கு அழைத்துப் போவார். அந்த ஒரு துளிச் சட்னி இவ்வளவுதான்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு 6 வயது. ஏற்காடு மலைக்குப் போகும் வழியில், கோரிமேட்டில் வீடு. அம்மாவுக்கு மார்பகப் புற்று. அப்பா வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். என்னிடம் சொன்னது, "அம்மா ஏற்காட்டுக்குக் காபிப் பழம் பறிக்கப் போயிருக்கிறாள்."

ஏற்காட்டு மலைப்பாதைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் இருட்டியதும் மொட்டை மாடியில் போய் நிற்பேன். மலையில் ஒரு வண்டி விளக்கு தெரியும், மறையும், கொஞ்சம் கீழே மறுபடி தெரியும். அம்மா வருகிறாள்! வாசலுக்கு ஓடுவேன். வண்டி நிற்காமல் போய்விடும். மறுபடி மாடி, மறுபடி விளக்கு, மறுபடி வாசல். தாய்மார்களே, ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எத்தனையோ மாதம்! ஒரு முறை மாமா என்னை ஏற்காட்டுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார். தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். யாரும் அம்மா இல்லை.

ஒருநாள் அம்மா வந்தாள், மொட்டைத் தலையோடு. கோட்டை மாரியம்மனுக்கு முடி கொடுத்தாள் என்றார்கள். நான் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "புருவத்தையுமா கொடுத்தாள்?"

வீட்டில் ஒருவருக்கும் பதில் இல்லை. அம்மா முந்தானையை இழுத்து நெற்றிவரை மூடிக்கொண்டாள். வேகமாகப் பெருகும் செல்களை அம்மாவுக்குக் கொடுத்த புற்றுநோய் மருந்து தாக்குகிறது, முடியின் வேரையும் விடுவதில்லை, மருந்தை நிறுத்தினால் திரும்ப முளைக்கும். "கெட்டதை அழிக்கிற மருந்து முடியையும் கொட்ட வைக்கும், பிறகு முளைக்கும்" என்று சொல்லியிருந்தால் 6 வயதுக்குப் புரிந்திருக்காதா, அண்ணே?

அம்மா முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரவு சாப்பாட்டுத் தட்டை எறிந்து, "நீ எங்காவது போய்விடு" என்று கத்தியிருந்தேன். காலையில் அம்மா இல்லை. சின்னப் பிள்ளையின் மனம் அப்படித்தான் கணக்குப் போடும்: நான் கோபப்பட்டேன், அதனால் நடந்தது. மூன்று வயதிலிருந்து ஆறேழு வயதுவரை இது இயல்பு என்று குழந்தை மனநலம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை நான் யாரிடம் காட்டுவது? அம்மாதான் மலையில் இருக்கிறாளே!

நான்கு ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியது. இந்த முறை அம்மாவே என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். "கண்ணு, அம்மா மலைக்குப் போகவில்லை. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன். குணமாகுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. தெரிந்ததும் உனக்குச் சொல்கிறேன்."

"நான் தட்டை எறிந்ததாலா அம்மா?" என்றேன்.

அம்மா அழுதது அப்போதுதான். நோய்க்கு அழாதவள், நான்கு ஆண்டு அதை நான் சுமந்திருக்கிறேன் என்று தெரிந்து அழுதாள். அழுது முடித்து, என்னை மடியில் போட்டுக்கொண்டாள். மலையில் விளக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. இருவரும் எண்ணினோம். வாசலுக்கு ஓடாமல் நான் எண்ணியது அன்று இரவுதான், நடுவர் ஐயா.