அரசன் கண்மூடும் நாள்

வணக்கம் நேயர்களே. ஆடி மாதத்து மழை அட்டனிலும் தலவாக்கலையிலும் விடாமல் கொட்டும்போது, லெப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்து ராஜ்யம் கட்டும் பிள்ளைகள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஆடுவது 'குருசேடர் கிங்ஸ் 3'. சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்டது. கி.பி. 867இலோ 1066இலோ தொடங்கி 1453 வரை ஆடலாம். வரைபடத்தில் சோழநாடும் உண்டு, நம் இலங்கைத் தீவும் உண்டு.

இந்த ஆட்டத்தில் உங்கள் கையில் இருப்பது ஒரு குடும்பம், நாடு அல்ல. அரசன் செத்தால் அவன் வாரிசாக நீங்கள் தொடர்கிறீர்கள். உங்கள் வம்சத்தில் வாரிசே இல்லை என்றால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. போரில் தோற்று ராஜ்யம் இழப்பவர்களைவிட, அரசன் செத்த மறுநாள் இழப்பவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. ஆகவே இன்று வாரிசுரிமையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நம் சரித்திரமே இதைக் காட்டும். தீவின் தெற்கில் உள்ள ருகுணையில் இருந்து எழும்பிய முதலாம் விஜயபாகு, 1070இல் சோழரைப் பொலனறுவையை விட்டு விரட்டினான். 1110இல் அவன் இறந்ததும் தம்பி ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், சகோதரியின் பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று தீவு துண்டுபட்டது. 1153இல் பராக்கிரமபாகு வந்துதான் ஒன்றாக்கினான். இடையில் போனது நாற்பது வருடத்துக்கும் மேல்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் பெரும்பாலான அரசர்களுக்கு இருக்கும் சட்டம் கொன்ஃபெடரேட் பார்ட்டிஷன். நிலம் பிள்ளைகளுக்குப் பங்காகப் போகும். அதோடு நிற்காது, நீங்கள் உருவாக்காத பட்டத்தையும் அதுவே உருவாக்கிக் கொடுத்துவிடும். நீங்கள் ஒரு ராஜ்யத்துக்கு அரசன், அடுத்த ராஜ்யத்தின் கவுண்டிகளில், அதாவது சிறு நிலப்பிரிவுகளில், பாதிக்கு மேல் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நீங்கள் செத்த அன்று அந்த இரண்டாவது ராஜ்யம் தானாக உருவாகி இளைய மகனுக்குப் போகும். அவன் உங்களுக்குச் சமமான அரசன், கப்பம் கட்ட மாட்டான், பெரும்பாலும் அவனே உங்கள் முதல் எதிரி.

அடுத்த படி வெறும் பார்ட்டிஷன். புதுப்பட்டம் உருவாகாது, நிலம் மட்டும் பங்காகும். உங்கள் கையில் 6 கவுண்டி, மகன்மார் 3 பேர் என்றால் ஆளுக்கு 2. அதற்கும் மேலே ஹை பார்ட்டிஷன். அதில் மூத்தவனுக்குப் பாதியாவது நிச்சயம், அதாவது 3 கவுண்டி. இதற்கு ஹெரல்ட்ரி என்ற கண்டுபிடிப்பு வேண்டும். அது 1050இல் தொடங்கும் காலகட்டத்துக்குரியது. எல்லாம் மூத்தவனுக்கே என்ற சட்டம் 1200க்குப் பிறகான காலகட்டத்தில்தான் கிடைக்கும். 867இல் தொடங்குகிறவர் முந்நூறு வருடத்துக்கு மேல் பாகப்பிரிவினையோடுதான் வாழவேண்டும்.

எப்படிச் சமாளிப்பது? தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய துரைக்குக் கீழே சின்னத் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. இரண்டு பேர் பெரிய துரையாக இருந்தால் தோட்டம் இரண்டாகும். ஒருவர் பெரியவர், மற்றவர் கீழே என்றால் தோட்டம் ஒன்றாகவே இருக்கும். ஆட்டத்திலும் அப்படியே. சமநிலைப் பட்டம் பெற்ற தம்பி பிரிந்துபோவான், கீழ்நிலைப் பட்டம் பெற்ற தம்பி மூத்தவனுக்குச் சிற்றரசனாக இருப்பான். எனவே ஒரு ராஜ்யத்தோடு இருக்கும்போது, பேரரசுப் பட்டம் கைக்கெட்டும் என்ற உறுதி வரும்வரை இரண்டாவது ராஜ்யத்தில் பாதிக்கு மேல் பிடிக்காதீர்கள். பேரரசுப் பட்டத்துக்கு 1000 பொன் வேண்டும். ராஜ்யத்துக்கு 500, அதற்குக் கீழே சில கவுண்டிகள் சேர்ந்த டச்சிக்கு 250. பொன்னை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். நிலமெல்லாம் கையில் இருந்தும் பொன் இல்லாமல் அரசன் சாவதைப் போலக் கொடுமை இந்த ஆட்டத்தில் இல்லை.

இரண்டாவது வழி, தலைநகர் இருக்கும் டச்சியின் கவுண்டிகளை விடாமல் பிடித்துக்கொண்டு, புதிதாகப் பிடித்த ஊர்களை இளைய மகன்மாருக்கு உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது. அது அவர்கள் பங்கில் கழியும். கட்டடங்களுக்குச் செலவழித்த பொன் எல்லாம் மூத்தவனிடமே நிற்கும். வாரிசுரிமையைப் பறிப்பதும் ஒரு வழிதான், ஆனால் அதற்கு வம்சத்தின் புகழ் செலவாகும், வம்சத் தலைவரால் மட்டுமே முடியும். அடிக்கடி செய்யாதீர்கள்.

பெண் பிள்ளைகளைச் சும்மா கட்டிக்கொடுத்துவிடாதீர்கள். சோழர் குலத்துப் பெண்ணுக்கும் வேங்கிச் சாளுக்கிய அரசனுக்கும் பிறந்தவன்தான் 1070இல் சோழ அரியணையில் ஏறிய முதலாம் குலோத்துங்கன். கலியாணத்தால் வந்த உரிமை பேரன் காலத்திலும் வேலை செய்யும். ஆட்டத்திலும் அரியணைக்கு உரிமையுள்ள பெண்ணை மணந்தால், அவள் பெறும் பிள்ளைக்கு அந்த உரிமை கிடைக்க வழி உண்டு.

போரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்களில் இருந்து திரட்டும் ஆட்படை எண்ணிக்கையில்தான் பெரிது. வெற்றி தருவது நீங்கள் நிரந்தரமாக வைத்திருக்கும் சம்பளப் படைகள். ஈட்டிப்படை குதிரையை அடக்கும், குதிரைப்படை வில்லாளிகளை அடக்கும், வில்லாளிகள் இலேசான காலாட்களான எறிபடையை அடக்குவர், எறிபடை கனத்த காலாட்களை அடக்கும். முற்றுகைப் பொறி ஒரு பிரிவாவது வேண்டும். அது இல்லாமல் ஒரு கோட்டைக்கு முன்னால் மாதக்கணக்கில் கிடந்தால் பொன்னெல்லாம் சம்பளத்தில் போய்விடும். கப்பலில் இருந்து இறங்கிய படை ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பலவீனமாக இருக்கும். பகைவன் படை பக்கத்தில் நிற்கும் கரையில் இறக்காதீர்கள். மலைநிலத்தில் தற்காப்பவனுக்கே சாதகம், கனத்த குதிரைப்படை அங்கே பாதிப் படைதான். மலைநாட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1594இல் தந்துறையிலும் 1630இல் ரந்தெனிவெலவிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தது நம் மலைகளிலும் அவற்றின் அடிவாரத்திலும்தான்.

கடைசியாக, அரசனுக்கு அறுபது நெருங்கும்போது புதுப்போர் தொடங்காதீர்கள். போர் நடுவில் அவர் இறந்தால், அவர் பெயரால் வந்த கூட்டணிகள் பல உடைந்துவிடும், போர் மட்டும் வாரிசின் தலையில் நிற்கும். புது அரசனை சிற்றரசர்கள் உடனே மதிக்க மாட்டார்கள். பங்கு கிடைத்த தம்பிக்கு உங்கள் அரியணை மீதும் உரிமை உண்டு, அவன் பெயரில்தான் முதல் கலகக் கூட்டம் சேரும்.

பட்டம் ஏறிய அன்றே ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு ஃபெக்‌ஷன், அதாவது கலகக் கூட்டங்களின், பட்டியலைத் திறவுங்கள். அதில் பலம் மிக்கவர் யார் என்று பாருங்கள். அவர் வீட்டில் கலியாண வயதுப் பிள்ளை இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொடுத்துக் கூட்டணி செய்துகொள்ளுங்கள். கூட்டாளியானவர் உங்களுக்கு எதிரான கூட்டத்தில் நிற்க முடியாது. இரண்டாமவருக்கு சபையில் ஒரு இருக்கை. மிச்சம் இருக்கும் பொன்னில் சம்பளப் படையின் வெற்றிடங்களை நிரப்புங்கள், உங்கள் பலம் கூடினால் கலகக்காரர் பின்வாங்குவர். இவ்வளவும் அவர்களின் அதிருப்தி 100ஐத் தொடுமுன் நடக்கவேண்டும். தொட்டால் கலகக்காரரின் கோரிக்கை ஓலை வந்துவிடும், அதில் உங்கள் தம்பியின் பெயர் இருக்கும்.